புகைக்குழாய் எந்தப் பக்கம்?

க்யிம்யிண்டைங், யாங்கோன்
22 பிப்ரவரி 2004

அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நடந்ததை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்து உங்களுக்கு எழுதிவிடுவார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு, நம் சர்ஃப் ஜீப் வண்டியில், மாதக் கட்டணத்துக்குக் கூட்டிப்போய் வருகிற ஃபெர்ரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். பத்துப் பேர். பின்னால் நீங்கள் போட்ட இரண்டு மரப்பெஞ்சில் ஆறு பேர் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். பின் கண்ணாடியை ஒட்டிய கடைசி இடம் நம் தெரு ஃபக்ருன்னிசாவின் மகள் சமீனாவுடையது. ஏழு வயது. அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள், பின்னால் வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்ட வேண்டும் அவளுக்கு. குளிர் மாதம் முழுக்க அந்தக் கண்ணாடி ஏறியே இருந்தது. இந்த வாரம் வெயில் கொளுத்தியதால் இறக்கிவிட்டேன்.

மார்க்கெட் திருப்பத்தில் பிள்ளைகள் “அன்ட்டி, அன்ட்டி” என்று கத்தினார்கள். நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் சமீனா வாந்தி எடுத்து, பக்கத்துப் பிள்ளையின் மடியில் சரிந்து கிடக்கிறாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்ப் பழக்கடை நிழலில் கிடத்தி, தண்ணீர் தெளித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழித்தாள். வேறு இரண்டு பேருக்கும் தலைவலி. டாக்டர் பார்த்துவிட்டு, வயிறு சரியில்லை, வெயில் வேறு என்றார்.

டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? சமீனா வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே வாய். “பொம்பளை பிரேக்கு போட்டா பிள்ளைக்குக் குடல் வெளிய வராம என்ன செய்யும்?” ஃபக்ருன்னிசா பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற டீச்சரும் கூப்பிட்டு, வண்டி ஒரே சத்தம், ஒரே புகை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இதைச் சரிபண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வாசல் பக்கம் வராதே என்றார்.

அவர் சொன்னதில் சத்தம் மட்டும் உண்மை. நீங்கள் டிசம்பரில் புறப்பட்டுப் போனதிலிருந்தே வண்டி கரகரவென்று உறுமுகிறது. நீங்கள் பட்டர்வொர்த்தில் சைலன்சர் கடையில்தானே வேலை பார்க்கிறீர்கள்? என்ன சைலன்சர் போடலாம், குழாயை எப்படிக் கொண்டுபோகலாம் என்று எழுதுங்கள். ஜூன் முதல் தேதி நான் வண்டியோடு அந்த வாசலில் நிற்க வேண்டும்.

நீங்கள் சுகமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

சொர்ணம்


பட்டர்வொர்த், மலேசியா
9 மார்ச் 2004

சொர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிழைத்ததே பெரிது.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். நீ கிளட்சைச் சட்டென்று விடுவாய், பிரேக்கைச் சட்டென்று மிதிப்பாய். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். பின்பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. அந்த வேலை பொம்பளைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சித்தப்பா மகன் செல்லையாவுக்கு எழுதியிருக்கிறேன். மாவ்பியில் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டு முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். ஜூனிலிருந்து அவன் நம் வண்டியை ஓட்டட்டும். நீ வீட்டைப் பார். ஆம்பிளை ஓட்டுகிறான் என்றால் போன பிள்ளைகள் திரும்பி வந்துவிடும்.

சைலன்சர் விஷயம். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஓட்டை இருந்தால் பூச்சு வைத்து அடைத்தால் போதும், அதைச் செல்லையாவே செய்வான். அடியில் வேறு மெக்கானிக் யாரையும் நுழைய விடாதே. ஒருவன் வேலையில் இன்னொருவன் கை வைத்தால் வண்டி கெட்டுப்போகும்.

உனக்கே தெரியும், இன்னும் இரண்டு வருஷத்தில் நான் வந்து க்யிம்யிண்டைங்கில் சொந்தமாக சைலன்சர் பட்டறை போடப்போகிறேன். இங்கே முதலாளி சீனர், குழாய் வளைக்கிற மெஷினை என்னை நம்பித்தான் கொடுக்கிறார். நல்லையா கை வைத்தால் சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சொத்து. அதனால் வண்டியைப் பற்றி ஊரில் கண்டபடி பேச்சு வராமல் பார்த்துக்கொள்.

சாப்பாடு ஒத்துக்கொள்கிறது. நம் ஊர் மீன்குழம்பு மொஹிங்காவுக்குத்தான் நாக்கு அலைகிறது.

நல்லையா


க்யிம்யிண்டைங்
24 மார்ச் 2004

அத்தானுக்கு,

அடியில் யாரையும் நுழைய விடாதே என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை நுழைய வைத்தது. பூச்சு வைக்கிற வேலைக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று யோசித்தேன்.

தமெய்ன் கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. உங்கள் பழைய கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோணிப்பையை விரித்து, பட்டப்பகலில் தெருவில் படுத்தேன். ஆமாம், எல்லோரும் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா டோ கின் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார்.

அடியில் என்ன பார்த்தேன் என்று நான் எழுத வேண்டுமா? உங்களுக்குத் தெரியாததா? சைலன்சரைத் தாண்டி வருகிற குழாய் பின் அச்சுக்கு மேலே ஏறி, பின் சக்கரத்துக்கு அப்பால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வால் இல்லை. அச்சுக்கு ஒரு முழம் முன்னாலேயே வெட்டி, வாயைக் கீழே பார்க்க வளைத்துப் பற்ற வைத்திருக்கிறது. நேர் மேலே பிள்ளைகளின் பெஞ்சு. பற்றவைத்த தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வரி, திரும்பி இன்னொரு வரி, நடுவில் புள்ளி புள்ளியாக. நம் வீட்டு வாசல் கம்பியில் இருக்கிற அதே தழும்பு. அந்தக் கை யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தாலும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று வண்டியை ஷ்வேப்யிதாவுக்குக் கொண்டுபோனேன், அங்கே காஜா மைதீன் பாய் சைலன்சர் பட்டறை வைத்திருக்கிறார். அவர் குனிந்து பார்த்தார், எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

“பின் கண்ணாடிய எறக்கிட்டா ஓட்டுனீங்க?”

“ஆமா பாய். வெக்கையா இருந்துச்சு.”

“வண்டி ஓடுறப்ப பின்னால காலி உண்டாகும்மா. அடியில வர்ற புகை அந்தக் காலிக்குத்தான் ஓடி வரும். கண்ணாடி தொறந்திருந்தா நேரா உள்ள. பார்வைக்குப் புகையே தெரியாது. கடைசி பெஞ்சுல இருக்கிற புள்ளதான் அத்தனையும் குடிக்கும். அல்லா காப்பாத்துனான்.”

அத்தான், நான் பிரேக் போட்டதில் அந்தப் பிள்ளை விழவில்லை. உங்கள் குழாயில் விழுந்திருக்கிறது. என் கிளட்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்களே, அப்போது உங்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே எழுதினீர்கள். அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வாசலில் நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஃபக்ருன்னிசா தண்ணீர்க் குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைப்பதில்லை. அவர்கள் கண்ணுக்குப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் நான். நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள், எனக்கு அல்ல, ஃபக்ருன்னிசாவுக்கு. குழாயை வெட்டியது நான்தான் என்று. நான் எதுவும் யாரிடமும் சொல்லவில்லை, பாயிடமும் சொல்லவில்லை. உங்கள் வாயால் வருவதுதான் முறை என்று காத்திருக்கிறேன்.

செல்லையா மாவ்பியில் செங்கல்லே ஏற்றட்டும்.

சொர்ணம்


பட்டர்வொர்த்
6 ஏப்ரல் 2004

சொர்ணத்துக்கு,

நீ இவ்வளவு காரமாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. சரி. நான்தான் வெட்டினேன்.

எப்படி என்று கேள். அந்த வால் அச்சுக்கு மேலே துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தது. மழைக்காலத்தில் நம் தெருத் தண்ணீரில் ஓட்டி ஓட்டி அப்படி ஆகிவிட்டது. எனக்கு டிக்கெட் வந்துவிட்டது, கையில் நான்கு நாள். புதுக் குழாய் வளைக்க நேரமில்லை. ஜீப் வண்டிகளில் எத்தனையோ பேர் அங்கேயே வெட்டிவிடுகிறார்கள், இழுவை கூடும், சத்தமும் கம்பீரமாக இருக்கும். அதனால் வெட்டினேன். குளிர்காலம், கண்ணாடி ஏறித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெயில் வருமே என்று நினைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் என் கண்ணில் நிற்கிறது, நம்பினால் நம்பு.

ஆனால் ஃபக்ருன்னிசாவுக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது. அவள் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். ஒரு வாரத்தில் க்யிம்யிண்டைங் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைக்குப் புகை ஊட்டினவன் பட்டறைக்கு யார் வண்டி கொண்டுவருவான்? நான் இங்கே கண்டவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பது எதற்காக? உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் ஆறு மாதம் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். பொம்பளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால் அதில் என்ன பெரிய அவமானம்? என் தொழில் போனால் நாம் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டும்.

அதற்குப் பதில் இதைச் செய்கிறேன். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊர் வருகிற கருப்பையாவிடம் புது சைலன்சர் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். துருவே பிடிக்காத எஃகு. இங்கே ரேஸ் விடுகிற பையன்கள் இதற்குச் சாகிறார்கள். முதலாளியிடம் கெஞ்சி வாங்கினேன். குழாய் போகிற வழியையும் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அச்சுக்கு மேலே ஏற்றி, வலது பக்கம் பின் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே. வாய் பம்பரைத் தாண்டி நான்கு விரல் நீட்ட வேண்டும். நடைபாதைப் பக்கம் புகை போகக் கூடாது, பிள்ளைகள் ஏறுகிற பக்கம் அது. படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன், பார்.

அந்தப் படத்தைப் பாயிடம் கொடு. என் பெயர் சொல்லாதே.

செல்லையா வேலையை விட்டுவிட்டான். இனிமேல் வராதே என்று சொல்ல முடியாது.

நல்லையா


க்யிம்யிண்டைங்
30 ஏப்ரல் 2004

அத்தானுக்கு,

கருப்பையா உங்கள் சைலன்சரைக் கைலியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த அன்றே தெருவில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அவரையும் அதையும் நனைத்துவிட்டார்கள். துருப்பிடிக்காது என்றதால் கவலைப்படவில்லை.

பாய் அதை எடுத்துக் கண்ணருகே வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்த்தார். நேராக வெளிச்சம் தெரிந்தது. “இது பெட்ரோல் ரேஸ் வண்டிக்கும்மா. சத்தத்த அடக்காது, அழகு பண்ணும்” என்றார். பள்ளிக்கூட வாசலுக்கு எனக்கு அழகு வேண்டாம். அடுத்து, தகரத்தைச் சுருட்டிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து அவரே செய்து தருவதாகச் சொன்னார். இரண்டு மழைக்கு மேல் தாங்குமா என்று கேட்டேன், உண்மையை ஒத்துக்கொண்டார். மூன்றாவதாக, உடைத்த சர்ஃப் வண்டிகளிலிருந்து கழற்றின பழைய ஜப்பான் சைலன்சர்கள் மூலையில் குவிந்து கிடந்தன. தூக்கவே இரண்டு கை வேண்டும். ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். உள்தகடு உளுத்தது கலகலவென்றது. ஐந்தாவது பேசவே இல்லை. அதைத்தான் எடுத்தேன். பாய், “நீங்க பட்டறையில வேலைக்கு வரலாம்” என்றார். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

உங்களுடையதைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் படம். நான்தான் முதலில் பார்த்தேன். பாய்க்குக் கொடுக்கும் முன்னால் வீட்டில் மேஜைமேல் விரித்து, தீப்பெட்டியை வண்டியாக வைத்துப் பார்த்தேன். நடைபாதைப் பக்கம் புகை போகக் கூடாது, அதனால் வலது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், நாம் எந்தப் பக்கம் ஓட்டுகிறோம்?

அங்கே மலேசியாவில் இடது பக்கம் ஓட்டுகிறார்கள், நடைபாதை இடது கைப் பக்கம் இருக்கும். ஜப்பானிலும் அப்படித்தானாம், அதனால்தான் வண்டி செய்த ஜப்பான்காரன் குழாயை வலது பக்கம் வைத்தான். இங்கே நாம் வலது பக்கம் ஓட்டுகிறோம். ஸ்டியரிங் வலது கைப் பக்கமே இருக்கிறது, நடைபாதையும் வலது கைப் பக்கமே இருக்கிறது, பிள்ளைகள் நின்று ஏறுவதும் அங்கேதான். இதே தெருவில் இருபது வருஷம் வண்டி ஓட்டினவர் நீங்கள். நான்கு மாதத்தில் உங்கள் ஊர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டீர்கள். கடிதத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அதை மறைக்க மாட்டேன். உங்கள் அம்புக்குறியை நம்பியிருந்தால் இந்தத் தடவை வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் முழங்காலுக்கு நேராகப் புகை விட்டிருப்பேன்.

அதனால் இடது பக்கம் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். அச்சுக்கு மேலே ஏற்றி, ஸ்டெப்னி டயருக்கு முன்னால் குறுக்கே விட்டு, இடது மூலையில் பம்பரைத் தாண்டி நான்கு விரல். அந்த நான்கு விரல் மட்டும் உங்கள் சொல்.

சோதிக்காமல் விடவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பின் கண்ணாடி ஓரத்தில் கட்டி, பழைய குழாயோடு ஷ்வேப்யிதாவிலிருந்து மாவ்பி வரை பாயை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் சமீனாவின் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டேன். பாதி வழியிலேயே தலை கிறுகிறுத்தது. துணி கரித்துணி ஆகிவிட்டது. அந்த இடத்தில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு கை காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புதுக் குழாய் போட்டபின் அதே வழி, அதே வேகம், புதுத் துணி. தூசி மட்டும்தான். சத்தமும் இல்லை, பாய் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது பின்பெஞ்சு வரை கேட்டது.

இப்போது கேளுங்கள். என் மானம் ஆறு மாதத்தில் ஆறிவிடும், உங்கள் மானம் மட்டும் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேரைக் காப்பாற்ற என் பேரை விற்க முடியாது. ஜூன் முதல் தேதி வரை காத்திருப்பேன். உங்கள் கடிதம் ஃபக்ருன்னிசாவுக்கு வராவிட்டால் நானே வாசலில் நின்று சொல்வேன்.

சொர்ணம்


பட்டர்வொர்த்
14 மே 2004

சொர்ணத்துக்கு,

பக்கம் விஷயத்தில் நீ சொன்னது சரி. அதைப் படித்துவிட்டு வெளியே போய் ரோட்டோரம் நின்று பார்த்தேன். வண்டிகள் போகிற திசையே எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. வந்த புதிதில் ரோட்டைக் கடக்கப் பயந்து நின்றவன் நான். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை. டீசல் டேங்க் இடது பக்கம் இருக்கிறது. ஸ்டெப்னி டயரை ஒட்டிச் சூடான குழாய் போகிறது. ஜப்பான்காரன் முட்டாளா அதை வலது பக்கம் வைக்க? டயர் உருகினால் யார் பொறுப்பு? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். அவ்வளவு ஆசையாகக் கொடுத்தனுப்பின சைலன்சரைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாய். இங்கே ஒவ்வொரு நாளும் பிறத்தியார் வண்டியைத் தட்டிக் கொட்டும்போது என் வண்டிக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அது உனக்குப் புரியாது.

வண்டிப் புத்தகம் என் பெயரில் இருக்கிறது என்பதை மறக்காதே. செல்லையாவிடம் சாவியைக் கொடுக்கும்படி அவனுக்கே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் தேதி காலையில் வருவான். தெருவில் ரகளை பண்ணாதே.

இன்னொன்று. வாசலில் நின்று என் பேரைச் சொன்னால் நான் அந்த ஊருக்குத் திரும்பி வரமாட்டேன். சும்மா சொல்லவில்லை. எந்த முகத்தோடு வருவேன்? யோசித்துச் செய்.

நல்லையா


க்யிம்யிண்டைங்
6 ஜூன் 2004

அத்தானுக்கு,

யோசித்தேன். இரண்டு வாரம் யோசித்தேன். நீங்கள் வராமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். டோ கின் மறுபடியும் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அப்புறம் முதல் தேதி காலை எழுந்து வண்டியைத் துடைத்தேன்.

நீங்கள் சொன்னபடி செல்லையா வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டு, உங்கள் கடிதத்தை நீட்டினார். “அண்ணன் சாவி வாங்கிக்கச் சொன்னாரு அண்ணி.” பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. “ஏறு தம்பி, முன்னால உக்காரு. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசலாம்” என்றேன். ஏறிவிட்டார். நான் ஓட்டினேன்.

மழை பிடித்திருந்தது. வாசலில் குடையும் பிள்ளையுமாகக் கூட்டம். வண்டி சத்தமில்லாமல் போய் நின்றதால் அந்த டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன். பர்மிய மொழியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.

“சமீனா மயங்கினது என் பிரேக்கால இல்ல. அடியில புகைக்குழாய் வெட்டியிருந்துச்சு, கண்ணாடி வழியா புகை உள்ள வந்துருச்சு. வெட்டுனது என் வீட்டுக்காரரு, நல்லையா. அவர் வேணும்னு செய்யல, அவசரத்துல செஞ்சாரு. வண்டி உறுமுறது எனக்கு டிசம்பர்லயே கேட்டுச்சு. ரெண்டு மாசம் குனிஞ்சு பாக்காம ஓட்டுனது நான். இப்ப மாத்தியாச்சு. யார் வேணா படுத்துப் பாக்கலாம்.”

ஃபக்ருன்னிசா அங்கேதான் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், சமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செல்லையாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. “அண்ணன் பேரைக் கெடுத்துட்டீங்களே அண்ணி” என்றார். கெட்டதைத்தான் சொன்னேன், நான் கெடுக்கவில்லை என்றேன். சாவியைக் கேட்டார். கொடுக்க முடியாது, புத்தகம் வேண்டுமானால் அண்ணன் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் மழையில் நடந்தே பஸ் ஏறப் போனார். அன்று சாயங்காலம் நான்கு பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதாமல் இருந்தால் நான் பொய்க்காரி.

நீங்கள் கேட்ட டேங்க் விஷயம். பாய் குறுக்கே தகரம் வைத்து, ஸ்டெப்னிக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு விரல் இடம் விட்டிருக்கிறார். மாவ்பி போய் வந்ததும் கை வைத்துப் பார்த்தேன். டேங்க் குளிர்ந்திருந்தது, டயர் வெதுவெதுப்பு. தினமும் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் கேள்வி நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன்.

புதன்கிழமை வேறு ஒரு ஃபெர்ரிக்காரர், கோ மியிண்ட் என்று பெயர், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதும் பாதியில் வெட்டினது. “அங்கே எழுதும்போது உங்கள் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேளுங்கள்” என்றார். “அவர் வெட்டினதைத்தான் சொன்னேனே” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “பட்டவருக்குத்தானே தெரியும். இனிமேல் அவர் யாருக்கும் அப்படி வெட்டித் தரமாட்டார்” என்றார். இதை நான் இட்டுக்கட்டவில்லை. பட்டறை போகாது அத்தான். நீங்கள் பயந்த மாதிரி எதுவும் இங்கே நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஃபக்ருன்னிசா சமீனாவோடு நம் வாசலுக்கு வந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, பின் கண்ணாடியைத் தானே இறக்கி, கடைசி இடத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் வரை வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: “புருஷன் மேல மட்டும் போட்டிருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். நானும் பாக்கலைன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் ஏத்துறேன். எம்புள்ளையப் பாத்துக்க.” அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயடியில் இன்னும் பேசவில்லை. பேசுவாள்.

இப்போது வண்டியில் ஏழு பிள்ளைகள். ஓட்டுவது நான். இது ஜூன் மாதத்துக்கு மட்டும் இல்லை.

வரமாட்டேன் என்று எழுதினீர்கள். எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டீர்கள். என் பங்கை நான் வாசலில் நின்று சொல்லிவிட்டேன், உங்கள் பங்கையும் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டபிறகும் இந்த ஊர் உங்களைத் தேடுகிறது. நானும் தேடுகிறேன். வந்தால் விமான நிலையத்துக்கு வண்டி கொண்டுவருவேன். வராவிட்டாலும் காலை ஆறரைக்கு வண்டி கிளம்பிவிடும்.

சொர்ணம்